மருந்து வைத்த பொங்கல்

ஆலைக்கு லீவு விட்டால் எங்கள் இரண்டு வீட்டிலும் அடி விழும். மற்ற நாளில் விழாது என்று சொல்லவில்லை. மற்ற நாளில் விழுவது ரயிலுக்கு ஓடுகிற அவசரத்தில் விழுகிற ஒரு அறை, அவ்வளவுதான். லீவு நாள் அடி அப்படி இல்லை. ஆள் உட்கார்ந்து யோசித்து, போன மாசத்துக் குற்றத்தையெல்லாம் ஞாபகப்படுத்தி, நிதானமாக அடிக்கிற அடி. ஆயுத பூஜை, தீபாவளி என்றால் ஒரு நாளோடு போய்விடும். பொங்கல்தான் பெரிய கண்டம். போகியிலிருந்து கரிநாள் வரை ஆண்கள் வீட்டிலேயே கிடப்பார்கள். மார்கழி பிறந்தால் ஊரில் உள்ளவர்கள் கோலமாவு வாங்குவார்கள். நானும் என் ஓரகத்தியும் மஞ்சளும் சுண்ணாம்பும் வாங்கி வைப்போம், வீக்கத்துக்குப் பற்றுப் போட.

எழுபதுகளின் பின்பாதி அது. ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, வயலை ஒட்டி எங்கள் வீடுகள். எங்கள் புருஷன்மார் அண்ணன் தம்பி, இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்பக்கம் ஒரே அடுப்படி. அவர்களுடைய அப்பா அந்த வயல்களில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். பிள்ளைகள் இரண்டு பேரும் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு இரும்புக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்கள். காக்கி நிக்கரும் டிபன் தூக்குமாகப் பாசஞ்சர் ரயிலில் ஏறும்போது இரண்டு பேரையும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மூத்தவர், அதாவது என் மூத்தார், உலையடியில் வேலை செய்தார். ஆள் நல்ல உயரம், அகலம். என் புருஷன் கம்பி வெட்டுகிற இடத்தில். ஆள் ஒல்லி, கை மட்டும் கனம். என் இடது புருவத்தில் முடி இல்லாத இடம் ஒன்று உண்டு. அது அவர் ஒரு சுதந்திர தின லீவில் சொம்பால் அடித்தது.

எனக்கு வாய் அதிகம். அடி வாங்கும்போதும் ஓயாது. அக்கா அப்படி இல்லை. ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், கூடப் பிறந்தவளிடம்கூட எனக்கு அந்த ஒட்டுதல் இருந்ததில்லை. அடி விழும்போது அக்கா சத்தமே போடமாட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு மூத்தாரின் மூச்சு வாங்குகிற சத்தம்தான் கேட்கும். அது எனக்கு அலறலைவிடக் கொடுமையாக இருந்தது.

குடிதான் காரணம் என்று சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனசில்லை, ஆனால் குடியும் இருந்தது. எங்கள் பக்கம் சாராயக் கடையைக் கொஞ்ச காலம் திறந்து வைத்துவிட்டு மறுபடி மூடிவிட்டார்கள். மூடினால் என்ன? வடக்கே அடுத்த ஸ்டேஷன் தடா. அது ஆந்திரா. அங்கே கடை திறந்தே இருக்கும். லீவு நாளில் எங்கள் ஊர் ஆம்பிளைகள் காலையில் பல் விளக்கின கையோடு தண்டவாளத்தை ஒட்டி வடக்கே நடப்பார்கள். வெறும் வயிற்றோடுதான் போவார்கள், அப்போதுதான் சீக்கிரம் ஏறுமாம். திரும்பி வரும்போது பசி, வெயில், போதை மூன்றும் சேர்ந்து வரும். வீட்டில் நாங்கள் இருப்போம்.

முந்தின பொங்கலுக்கு அக்கா வயிற்றில் பிள்ளை இருந்தது. கரிநாள் அன்று குழம்பில் உப்பு குறைந்துவிட்டது என்று மூத்தார் அவளை எட்டி உதைத்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது. அதே குழம்பை நானும் சாப்பிட்டேன். ராத்திரி முழுக்க அவளுக்கு ரத்தம் போனது. விடிந்ததும் நான்தான் அதை ஒரு பழந்துணியில் சுற்றி ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்தேன். முகம் வந்திருந்தது. லீவு முடிந்துவிட்டது என்று மூத்தார் அன்றைக்கே வேலைக்குப் போனார். அந்த ஆள் ரயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வண்டி கவிழக்கூடாதா என்று மனதாரக் கேட்டேன், மற்ற ஜனங்களைப் பற்றி யோசிக்காமல்.

அடுத்த மார்கழியில் அக்கா மறுபடி வாயும் வயிறுமாக இருந்தாள். பங்குனியில் பிறக்கும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அப்படியென்றால் நடுவில் தை. பொங்கலைத் தாண்டவேண்டும்.

சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அக்கா மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வாட்டியும் போச்சுன்னா நான் தண்டவாளத்துல தலைய வெச்சிடுவேன் தங்கச்சி" என்றாள். அழவில்லை. சும்மா சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் அதை நான் நம்பினேன்.

அன்றைக்கு ராத்திரி எல்லாம் யோசித்தேன். ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. டபுள் டூட்டி பார்த்துவிட்டு வருகிற நாளில் இவர்கள் அடிப்பதில்லை. அண்டா சோற்றைத் தின்றுவிட்டுச் சாய்ந்துவிடுவார்கள். வயிறு நிறைந்து உடம்பு ஓய்ந்துபோன ஆம்பிளைக்குக் கை எழும்பாது. அப்படியானால் லீவிலும் அவர்களுக்கு டபுள் டூட்டி போட்டுவிட வேண்டியதுதான்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "கேட்டுக்க. விடியறதுக்குள்ள நாஷ்டா ரெடியா இருக்கணும். வயிறு ரொம்பிச்சின்னா தடாவுக்குக் காலு போவாது. துன்னுட்டு ஒக்காந்தா வேல வெக்கணும். மத்தியானம் கறி. அப்பால தூக்கம். எழுந்தா மறுபடி எங்கனா நடக்க வெக்கணும்."

"அவ்ளோ அரிசிக்கு எங்கடி போறது?"

"இன்னையிலேந்து ஒவ்வொரு வேள ஒல வெக்கும்போதும் ஒரு பிடி எடுத்து வெய்யி. நம்ம பங்குலேந்து."

மார்கழி முழுக்க நாங்கள் அரைவயிறு தின்றோம். அந்தப் பிடி அரிசியைப் பானையில் மறைத்து வைத்தோம். கோழி இரண்டை விற்காமல் வளர்த்தோம். கடலோரம் சவுக்குத் தோப்பு வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு வண்டி சவுக்குக் கட்டையைப் போகியன்று காலையில் எங்கள் வாசலில் கொண்டுவந்து கொட்டும்படி சொல்லி வைத்தேன். எல்லாம் முழுக் கட்டை, பிளக்காதது. கோடாலியை நானே சாணை பிடித்து வைத்தேன்.

போகி விடிந்தது. தெருவில் பழம்பாயும் துடைப்பமும் எரிகிற புகை. ஆம்பிளைகள் எழுந்து வந்தபோது இட்லியும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் தயார். எங்கள் வீடுகளில் இட்லி என்பது பெரிய விஷயம். வருஷம் முழுக்கக் கூழும் பழையதும்தான்.

என் புருஷன் சந்தோஷமாகவே உட்கார்ந்தார். மூத்தார் உட்காரவில்லை. குழம்புச் சட்டியைக் கிட்டே இழுத்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னா விசயம்? வருசம் பூரா கூழு. இன்னைக்கி விடிகாத்தால இட்லி. எதனா மருந்து கிருந்து வெச்சிக்கிறீங்களா?"

மருந்து என்றால் இடுமருந்து. புருஷனை மடக்கிப்போடப் பெண்டாட்டி சோற்றில் கலந்து கொடுப்பது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆம்பிளைகள் போலீசுக்குப் பயப்படமாட்டார்கள், சூப்பர்வைசருக்குப் பயப்படமாட்டார்கள், இடுமருந்துக்குப் பயப்படுவார்கள். மூத்தாருக்கு அந்தப் பயம் கூடுதல். அவருடைய சித்தப்பாவுக்கு யாரோ மருந்து வைத்துவிட்டதாகவும், மருந்து எடுக்கிறவன் ஒருவன் வந்து ஏதோ கசாயம் கொடுத்துக் கக்க வைத்ததாகவும், கறுப்பாக உருண்டை ஒன்று விழுந்ததாகவும் சின்ன வயசில் பார்த்தவர் அவர். அந்த உருண்டை எவ்வளவு பெரிசு என்று கேட்டால் வருஷத்துக்கு வருஷம் அது பெரிதாகிக்கொண்டே போகும்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மன் சத்தியமா இல்ல."

"அம்மன இழுக்காத. ஒக்காரு. நீ துன்னு மொதல்ல."

அக்கா ஒரு இட்லியை எடுத்தாள்.

"ஒண்ணு துன்னா? மருந்து அடியில தங்கும். அடியிலேந்து அள்ளி ஊத்திக்க. தட்டு ரொம்ப போடு." பிறகு என் புருஷனைப் பார்த்து, "உன் பொண்டாட்டியயும் ஒக்கார வெய்டா. அவதான் இதுக்கெல்லாம் வாத்திச்சி" என்றார்.

ஆம்பிளைகள் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க, பெண்டாட்டிகள் இரண்டு பேர் தட்டு நிறைய இட்லி தின்றோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் சுடச்சுடச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. பயம்தான். ஆனாலும் இறங்கியது. தின்று முடித்துத் தட்டைக் கழுவ எழுந்தேன்.

"எங்க போற? ஒக்காரு" என்றார் மூத்தார். "மருந்து ஏறதுக்கு நேரம் புடிக்கும். எங்க கண்ணு எதிர்க்க ஒக்காரு. மயக்கம் கியக்கம் வருதான்னு பாக்கணும்."

உட்கார்ந்தோம். மயக்கம் வரவில்லை, ஏப்பம்தான் வந்தது. அதற்கப்புறம் அவர்கள் தின்றார்கள், மிச்சம் இல்லாமல். வயிறு நிறைந்த பிறகு வாசலில் கிடந்த சவுக்குக் கட்டைகளைப் பார்த்தார்கள். வழியை அடைத்துக்கொண்டு கிடந்ததால் தாண்டிப் போகவும் முடியாது. மூத்தார் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டு கோடாலியை எடுத்தார். மத்தியானம் வரை இரண்டு பேரும் பிளந்து அடுப்படியில் அடுக்கினார்கள். சவுக்கு லேசில் பிளக்காது. ஒவ்வொரு வெட்டுக்கும் 'ஹக்' என்று மூத்தார் விடுகிற மூச்சு, அடிக்கும்போது விடுகிற அதே மூச்சு. அந்த அடி கட்டைமேல் விழுவதைக் கேட்டுக்கொண்டு நான் கோழிக்கு மசாலா அரைத்தேன். மனசு குளிர்ந்தது.

மத்தியானமும் அதே கதை. பானைக்குப் பானை, சட்டிக்குச் சட்டி, முதல் தட்டு எங்களுக்கு. கோழிக் குழம்பில் நான் கழுத்தையும் காலையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். எங்களுக்கென்று அதுதான் வழக்கம். மூத்தார் பார்த்துவிட்டார். "கழுத்துல எவ மருந்து வெப்பா? தொடையத் துன்னு" என்றார். தொடையைத் தின்றோம். ஈரல் தின்றோம். எதிரில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர்கள் தின்றுவிட்டு முற்றத்தில் சாய்ந்தார்கள். வேலை ஏதுமில்லாமல் நாங்களும் அடுப்படியிலேயே தலை சாய்த்தோம். நான் கண்விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பகலில் தூங்கியதற்கு யாரும் என்னை உதைக்கவில்லை.

பொங்கலன்று பானை பொங்கி, மொச்சையும் பூசணியும் வள்ளிக்கிழங்குமாகச் சாப்பிட்டு முடிந்ததும் ஊர் மைதானத்தில் சடுகுடு. நான்தான் கிளப்பிவிட்டேன். ரயிலுக்கு மேற்கே இருக்கிற பையன்கள் கம்பெனிக்காரனுக்குத் தொப்பை போட்டுவிட்டது என்று பேசிக்கொள்வதாகச் சொன்னேன். உண்மையில் யாரும் அப்படிப் பேசவில்லை. மூத்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். விளையாட்டு என்று பெயர், சண்டைதான். ஒருத்தனுக்குப் பல் போயிற்று, ஒருத்தன் தோள்பட்டை இறங்கியது. மூத்தார் உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தமாகச் சிரித்துக்கொண்டே வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. சுடுதண்ணீரில் குளித்தார். எங்களைத் தின்ன வைத்துப் பார்த்துவிட்டுத் தின்றார். அப்படியே தூங்கிப்போனார்.

மாட்டுப் பொங்கலுக்கு எங்களுக்கு மாடு கிடையாது. இவர்கள் அப்பா காலத்தில் பண்ணையார் வீட்டு மாடுகளைத்தான் குளிப்பாட்டுவார்கள். கம்பெனியில் சேர்ந்த பிறகு கூப்பிட்டாலும் போவதில்லை. அதற்குப் பதில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஆட்டை அறுத்தார்கள். மூத்தார்தான் அறுத்தார். ரத்தத்தைப் பொரியலுக்குப் பிடித்துக்கொடுத்து, தோல் உரித்து, எலும்பு தட்டி, சாயங்காலம் வரை அவர் கைக்கு வேலை இருந்தது. ரத்தப் பொரியல் முதல் தட்டு எங்களுக்கு. அக்கா இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளே போட்டுக்கொண்டாள். மூத்தார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது அக்கா என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். "பாரேன். மார்கழி பூரா சும்மா கெடந்துது. இன்னைக்கி உதைக்குதுடி." அவள் முகத்தில் சிவப்பு ஏறியிருந்தது. கன்னம் லேசாக உப்பியிருந்தது. எனக்கும் உடம்பில் புதிதாக ஏதோ தெம்பு. தண்ணீர்க் குடத்தை ஒரே தூக்கில் இடுப்பில் வைத்தேன். எல்லாம் இந்த ஆம்பிளைகளின் பயத்துக்கு வந்த புண்ணியம் என்று நினைத்துச் சிரித்தோம்.

மிச்சம் கரிநாள். கரிநாள் அன்று ஆம்பிளைகளைக் கிழக்கே அனுப்புவது என் திட்டம். தடா வடக்கே இருக்கிறது, பழவேற்காடு ஏரி கிழக்கே. ஏரிக்கரைக் குப்பத்தில் மடவை மீன் துள்ளத் துள்ளக் கிடைக்கும். அக்காவுக்கு வாய்க்கு ஆசையாக இருக்கிறது என்று சொன்னோம். பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை இல்லை என்று சொன்னால் தோஷம் என்பதால் மூத்தார் தட்டமாட்டார். போகவர நாள் பூரா நடை. வரும்போது கால் கழன்றுபோய் வருவார்கள். தின்பார்கள். தூங்குவார்கள். விடிந்தால் வேலை.

என் கணக்கில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று. அந்த ஏரியில் பாதிக்கு மேல் ஆந்திரா.

குப்பத்தில் பழக்கமான ஒரு படகுக்காரர் இவர்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போயிருக்கிறார். அங்கே கள்ளும் இருந்தது, சாராயமும் இருந்தது. குடித்துக்கொண்டிருந்தபோது படகுக்காரர், "இன்னா நைனா, ரயில்ல வர்றவங்கல்லாம் சொல்றாங்க, பொங்கலுக்கு உங்க ஊட்ல சத்தமே காணோமாமே. ஊட்டுக்காரி மருந்து வெச்சிட்டாளா?" என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். இதை என் புருஷன் பிற்பாடு சொன்னார். அதற்கப்புறம் வழி நெடுக, வரப்பு நெடுக, மூத்தார் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாராம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்கள். அக்காவும் நானும் வழக்கம்போல முதல் தட்டைச் சாப்பிட்டுவிட்டுச் அடுப்படியில் சட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்காவின் முதுகுக்குப் பின்னால், பிளந்து அடுக்கிய சவுக்குக் கட்டைகள் இடுப்புயரம் இருந்தன. மூத்தார் கையில் பனைநாரில் கோத்த மடவை மீன்கள். வாசற்படியில் நின்றார். சாராய நாற்றம் எனக்கு அங்கேயே அடித்துவிட்டது.

"மூணு நாளு" என்றார். "மூணு நாளா உன்ன நான் தொடல. ஏன் தொடல? சொல்லு மே."

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என் கையி ஏன் எழும்பல? இது என் கையிதானே? மூணு நாளா ஏன் சும்மா கெடந்துது? மருந்து வெச்சிட்டீங்க. நீ துன்னுட்டு அதுக்கு மாத்து மருந்தும் துன்னுட்ட. நான் பொட்டையாட்டம் படுத்துத் தூங்கிக்கினு இருக்கேன். ஊரு சிரிக்குது."

அடிக்காமல் இருந்ததையே குற்றம் என்று ஒரு மனுஷன் விசாரிப்பதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். சிரிப்பு வருகிற இடம்தான், ஆனால் யாருக்கு வரும்? நான் என் வாயைத் திறந்தேன். "மாமா, அக்கா ஒண்ணும்..." என்பதற்குள் அந்த மீன் கோவையைச் சுழற்றி அக்கா முகத்தில் அடித்தார். செதிள் தெறித்தது. நார் அறுந்து மீன்கள் சோற்றுப் பானைமேலும் என் மடியிலும் விழுந்தன. அக்காவின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவள் அப்போதும் சத்தம் போடவில்லை.

"உன் வயித்துல இருக்கறது புள்ள இல்ல மே. அந்த மருந்துதான். அத்த நான் வெளில எடுக்கறேன்" என்று சொல்லிக் காலைத் தூக்கினார்.

போன வருஷம் அதே கால், அதே இடத்தில், அதே மாதிரி. அக்காவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். இடது கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். வலது கை பின்னால் போயிற்று. கட்டை வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன். கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம்.

மூத்தார் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால் விழுந்தார். கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. முதலில் அவருக்குப் புரியவில்லை, காலைக் குனிந்து பார்த்தார். அப்புறம்தான் அலறினார். அக்கா எழுந்து நின்றாள். ஆறு மாசத்துக்கு மேலான வயிற்றோடு கையை ஊன்றாமல் எழுந்தாள்.

"இது போன பொங்கலுக்கு" என்று சொல்லி மறுபடி அடித்தாள்.

தடுக்க வந்த கையில் ஒன்று. தோளில் ஒன்று. அடி விழ விழ அவள் மூச்சு 'ஹக், ஹக்' என்று வந்தது. அவரே வெட்டிப் பிளந்து, அவரே அடுக்கின கட்டை. விளிம்பு கத்திபோல இருந்ததால் பட்ட இடமெல்லாம் கிழிந்தது. சுவரில் நாங்கள் மார்கழியில் அடித்த வெள்ளையில் ரத்தம் தெறித்தது.

என் புருஷன் பாய்ந்தார். "எங்கண்ணனக் கொல்றாடி!" என்று கத்திக்கொண்டு அக்காவின் முடியைப் பிடிக்கக் கை நீட்டினார். என் கையில் எப்போது ஒரு கட்டை வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் நெஞ்சுக்கு நேராக அதை நீட்டினேன்.

"ஒக்காரு. உனுக்கு அப்பால."

அவர் என் முகத்தைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், தரையில் துடிக்கிற அண்ணனைப் பார்த்தார். உட்கார்ந்தார். எனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டால், இருந்தது. ஆனால் சந்தோஷம்தான் பெரிசாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இல்லாத சந்தோஷம்.

அக்கா தலைக்குக் கட்டையை ஓங்கியபோதுதான் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். "போதும்க்கா. செத்துட்டான்னா உன்ன இட்டுக்கினு போய்டுவாங்க. புள்ள ஜெயில்ல பொறக்கும்க்கா." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நின்றாள். கட்டையைப் போட்டாள். மூக்கு ரத்தத்தை முந்தானையில் துடைத்தாள். கீழே கிடந்த மீனை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"பசிக்குதுடி" என்றாள்.

அவர் அந்தப் பக்கம் முனகிக்கொண்டு கிடக்க, நான் அவளுக்குச் சோறு போட்டேன். முழுத் தட்டையும் சாப்பிட்டாள்.

காலையில் லாரி பிடித்து, கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வைத்துப் புத்தூருக்குக் கொண்டுபோனோம். எங்கள் பக்கம் எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் குறைவு, புத்தூர்க் கட்டுக்குத்தான் போவார்கள். மூங்கில் பத்தை வைத்து, பச்சிலையும் முட்டையும் தடவிக் கட்டினார்கள். எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு மூத்தாரே பதில் சொன்னார். "கட்டை அடுக்கும்போது சரிஞ்சி வுழுந்துச்சி." பெண்டாட்டி அடித்தாள் என்று எந்த ஆம்பிளை வெளியில் சொல்வான்? கம்பெனியிலும் அதையே சொன்னார்.

அப்புறம் அவருக்கு நீண்ட லீவு. எழுந்திருக்கக் கூடாது, நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டும், அவசரப்படக் கூடாது என்று கட்டுப் போட்டவர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா ஆட்டுக்கால் ரசமும் முட்டையும் கொண்டுபோய் வைப்பாள். அவர் தட்டைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார். தொடமாட்டார். "நீ துன்னு மொதல்ல" என்று இப்போது அதட்டலாகச் சொல்லமாட்டார், கேட்பார். அக்கா அவர் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்து, அவசரமில்லாமல், ரசித்துத் தின்பாள். அவர் காத்திருப்பார்.

பங்குனியில் பெண் பிறந்தது. நல்ல எடை. அலறல் ஸ்டேஷன் வரை கேட்டது, அம்மாவைப்போல இல்லை. ஆடியில் பெரியபாளையத்தம்மனுக்கு அக்கா வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூத்தார் பின்னாலேயே விந்திக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் அவர் கை நீட்டவில்லை. என் புருஷன் இரண்டு மூன்று தரம் ஓங்கிவிட்டு, அடுப்பு மூலையில் அடுக்கியிருந்த கட்டையைப் பார்த்து இறக்கிக்கொண்டார். ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "சாப்ட்டியா மே?" என்று கேட்டார். எட்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவை. அன்பில் கேட்டாரா பயத்தில் கேட்டாரா என்று நான் ஆராயவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.

ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்லவேண்டுமா? ஓரகத்திகள் இரண்டு பேரும் சேர்ந்து மருந்து வைத்துவிட்டார்கள், நல்லாக் கேட்டுவிட்டது என்று பேசினார்கள். ஆம்பிளைகள் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். பெண்கள்தான் வந்தார்கள், சாயங்காலத்தில், சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு.

அடுத்த மார்கழியில் மேற்குத் தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். சின்னப் பெண். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை. "பொங்கலு வருதுக்கா" என்றாள். அதற்குமேல் அவள் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. "அந்த மருந்து எனக்கும் கொஞ்சம் குடு. உன் காலுல வுழறேன்."

அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டாள். நான் அவளை உட்காரவைத்துத் தட்டு நிறையச் சோறு போட்டு, மேலே குழம்பை அடியிலிருந்து அள்ளி ஊற்றினேன். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு குனிந்த தலை நிமிராமல் தின்றாள். தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்து, "மருந்து எங்கக்கா?" என்று கேட்டாள்.

"துன்னு மொதல்ல" என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டேன்.